இருவாச்சியும் பங்களாவின் புத்தக அலமாரியும்

மேற்கு மலைக் காட்டில், ஓடைக்கு மேலே நின்ற ஒரு வேங்கை மரப் பொந்தில் சேந்தன் என்ற இருவாச்சியும் அவன் மனைவி கொன்றையும் கூடு வைத்தார்கள்.

இருவாச்சிகளின் குடித்தனம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் பறவை சேறு கொண்டுவந்து தரும். சேற்றையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே பெண் பறவை வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். பாம்பும் மரநாயும் உள்ளே வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உள்ளே போனபிறகு அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. அந்த மூன்று நான்கு மாதங்களும் ஆண் பறவை கொண்டுவருவதுதான் சாப்பாடு.

தை மாதம் கொன்றை உள்ளே போனாள். சேந்தன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஆலம்பழமும் அத்திப்பழமும் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டுவான். குஞ்சு பொரித்த பிறகுதான் சிரமம் தொடங்கியது. பசி இரண்டானது. வெயில் ஏற ஏறப் பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்தது. தொலைவில் இருந்த ஆலமரத்துக்கு அவன் பறந்து பறந்து களைத்தான். எவ்வளவு பறந்தாலும் பொழுது போதவில்லை.

மலைச்சரிவில் ஒரு பழைய பங்களா இருந்தது. தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் முன்பு அங்கே குடியிருந்தார். வியாபாரம் செய்வது எப்படி, இயந்திரங்களை இயக்குவது எப்படி, வேலையைப் பிரிப்பது எப்படி, நேரத்தைச் சேமிப்பது எப்படி என்று அவர் வாங்கிக் குவித்த புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. தினமும் வராந்தாவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ஜன்னல் ஓரம் இருந்து பார்த்துக் கேட்டே காரி என்ற கருங்குரங்கு எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். அவர் ஊரைவிட்டுப் போனபோது அலமாரி காரிக்கு மிஞ்சியது.

காரி நல்லவன். யார் என்ன குறையோடு வந்தாலும் அதற்கென்று ஒரு புத்தகம் எடுத்து வைத்துப் படித்துக் காட்டுவான். நிறையக் கொட்டை சேர்க்க விரும்பிய மலை அணிலுக்கு ஒன்று. மீனைக் கொடுத்துப் பழம் வாங்கலாமா என்று யோசித்த நீர்நாய்க்கு வேறொன்று. மத்தியான வேளையில் வராந்தாவில் கூட்டம் சேரும்.

சேந்தனும் ஒரு நாள் அங்கே போய்த் தன் கஷ்டத்தைச் சொன்னான். காரி உடனே அலமாரியைத் துழாவி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தான். அதன் முதல் பக்கத்தில், ஒரு முழு நாள் எங்கெங்கே போகிறது என்று முதலில் கவனி, பிறகு மற்றதைப் பார் என்று எழுதியிருந்தது. சேந்தனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஆனால் இதைவிட நல்ல புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டான். இருக்கிறது என்றான் காரி.

மறுநாள் கேட்ட புத்தகம் விடியும் முன்பே எழச் சொன்னது. சேந்தன் எழுந்தான். இருட்டில் பழம் தெரியவில்லை, கிளையில் மோதி நெற்றி வீங்கியது. அதற்கடுத்த புத்தகம் எல்லா வேலையையும் தானே சுமக்காதே, பிறரிடம் பகிர்ந்து கொடு என்றது. இது அவனுக்குச் சரியாகப் பட்டது. காட்டு மைனாக் கூட்டத்தைக் கூப்பிட்டுப் பேசினான். ஆலமரத்திலிருந்து பழம் கொண்டுவந்து கொன்றைக்குக் கொடுத்தால், கூடு காலியான பிறகு அந்தப் பொந்தை அவையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். மைனாக்கள் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டன. வேலை நடக்கிறது என்று நம்பி அவன் வராந்தாவில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். மைனாக்களோ பத்துப் பழத்தில் ஏழு பழத்தை வழியிலேயே தின்றன. மீதி மூன்றைக் கீறலில் வீசிவிட்டுப் போயின. அதில் இரண்டு கீழே விழுந்தன.

கொன்றை முதலில் ஒன்றும் சொல்லவில்லை. வந்ததைக் குஞ்சுக்குக் கொடுத்தாள். மிஞ்சினால் தான் தின்றாள். பெரும்பாலும் மிஞ்சவில்லை. புருஷன் குரலில் களைப்பு தெரிந்ததால் அவனை மேலும் வருத்த வேண்டாம் என்று பொறுத்திருந்தாள். வெளியே இருந்த சேந்தனுக்கு அவள் இளைத்தது தெரியவில்லை. கீறல் வழியாக அவனுக்குத் தெரிந்தது அவள் அலகின் நுனி மட்டும்தான்.

ஒரு மாலை அவன் நான்கு பழங்களோடு வந்தபோது பொந்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அடைத்த சேறு உடைந்து சில்லு சில்லாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து கொன்றை கொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யறே?" என்று பதறினான் சேந்தன்.

"வெளியே வந்து நானும் பழம் தேடப் போறேன்."

"இன்னும் இறகு முளைக்கலையே. விழுந்துடுவே. கீழே மரநாய் சுத்துது."

"விழுந்தா நான் ஒருத்தி போவேன். உள்ளேயே இருந்தா ரெண்டு பேரும் போயிடுவோம். குஞ்சு இன்னைக்குக் கத்தக்கூட இல்லீங்க."

சேந்தன் காதைக் கீறலில் வைத்துக் கேட்டான். வழக்கமாக அவன் சிறகொலி கேட்டதும் கூச்சலிடும் குஞ்சு, மெல்ல ஒருமுறை முனகியது. தொண்டையில் இருந்த நான்கு பழங்களையும் ஊட்டினான். நான்கும் குஞ்சுக்கே போயின.

"மத்தியானத்துல எங்கே போறீங்க?" என்று கேட்டாள் கொன்றை. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பங்களா, அலமாரி, காரி, இதுவரை கேட்ட ஒன்பது புத்தகங்கள். உனக்காகத்தான் போனேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன் என்றான். சொல்லும்போதே அவனுக்குத் தன் பேச்சு பொருத்தமில்லாமல் கேட்டது.

கொன்றை கொத்துவதை நிறுத்தியிருந்தாள்.

"ஒன்பதும் வேண்டாம். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? அதை மட்டும் சொல்லுங்க."

சேந்தன் யோசித்தான். பிறகு அந்த மெல்லிய புத்தகத்தின் முதல் பக்கத்தைச் சொன்னான்.

"அது நல்லாத்தானே இருக்கு. செஞ்சு பார்த்தீங்களா?"

"இல்லை."

"நாளைக்குச் செய்வோம். நானும் கூட இருக்கேன். ஒரு நாள் பொறுக்கிறேன்" என்றாள் கொன்றை.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவன் புறப்படும்போதெல்லாம் எங்கே போகிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பியதும் எந்த வழியாக வந்தான் என்று சொன்னான். கொன்றைக்குச் சூரியன் தெரியாது. கீறல் வழியாக விழும் வெயில் கோடு பொந்தின் சுவரில் நகர்வதை வைத்து நேரம் பார்த்தாள். பழக்கம் விடவில்லை போலும், மத்தியானம் சேந்தனின் சிறகு தானாகவே பங்களாப் பக்கம் திரும்பியது. வராந்தாவின் கூரைமேல் இறங்கப் போனவன், கொன்றையிடம் இதையும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தான். இறங்காமலே திரும்பினான்.

அப்படித் திரும்பும்போதுதான் கீழே ஓடை வளைவைப் பார்த்தான். பாறை இடுக்கில் நின்ற கல்லத்தி மரம் சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. கூட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். இருபது நாளாக அவன் அதன் மேலாகத்தான் பங்களாவுக்குப் போய்வந்தான். தலைக்குள் புத்தகம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் அவன் பதினோரு முறை வந்துபோனான். ஒவ்வொரு முறையும் தொண்டை நிறையப் பழம். ஆறாம் முறை வந்தபோது கொன்றை பல நாளுக்குப் பிறகு தனக்கென்று ஒரு பழத்தை விழுங்கினாள். பொழுது சாய்ந்ததும் இருவரும் அன்றைய நாளைப் பேசிப் பார்த்தார்கள். பங்களாவில் உட்கார்ந்த நேரத்தில் நாலு முறை வந்துபோயிருக்கலாம். தூரத்து ஆலமரத்துக்குப் போகும் நேரத்தில் இன்னும் நாலு முறை. போதவில்லை என்று அவன் தேடிய நேரம் அங்கேதான் ஒளிந்திருந்தது. சேந்தன் ஓடைக்கரையிலிருந்து சேறு கொண்டுவந்தான். உடைத்த இடத்தைக் கொன்றை உள்ளிருந்து பூசினாள். மைனாக்களிடம் அவனே போய், நீங்கள் வர வேண்டாம், பொந்து மட்டும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இழந்ததெல்லாம் உடனே திரும்பிவிடவில்லை. அந்தக் காட்டில் மற்ற இருவாச்சிக் குஞ்சுகள் சித்திரையிலேயே பறந்தன. சேந்தனின் குஞ்சுக்குச் சிறகு பலப்பட வைகாசி முடியும் நிலை வந்தது. மழை எப்போது இறங்குமோ என்று இருவரும் பயந்துகொண்டே இருந்தார்கள்.

இடையில் ஒரு நாள், ஓடைக்கு நீர் குடிக்க வந்த காரி சேந்தனைப் பார்த்தான். புதிதாக இரண்டு நல்ல புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன், ஏன் வரவில்லை என்று விசாரித்தான். சேந்தன் நடந்ததைச் சொன்னான். காரியைக் குறை சொல்லவில்லை.

"முதல் நாள் நீங்க படிச்சுக் காட்டின முதல் பக்கம்தான் எங்களைக் காப்பாத்துச்சு அண்ணே. அன்னைக்கே நான் எழுந்து போயிருக்கணும்" என்றான்.

அந்தப் பக்கத்தை நாற்பது பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட நான் செய்து பார்த்ததில்லை என்று காரி மெதுவாகச் சொன்னான். அதற்குப் பிறகு வராந்தாவுக்கு யார் வந்து அடுத்த புத்தகம் கேட்டாலும், போன புத்தகத்தை வைத்து என்ன செய்தாய் என்று கேட்க ஆரம்பித்தான். நீர்நாய் கோபித்துக்கொண்டு சில நாள் வரவில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்தது.

வைகாசியின் கடைசி நாட்களில் கொன்றை வாசலை உடைத்துக்கொண்டு புது இறகுகளோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் குஞ்சு எட்டிப் பார்த்தது, தயங்கியது, பிறகு தாவிப் பறந்து பக்கத்துக் கிளையில் தடுமாறி உட்கார்ந்தது. மறுநாள் மழை தொடங்கியது.

நூறு நல்ல புத்தகங்களைத் தேடிக் கேட்பதைவிட, கேட்ட ஒரு பக்கத்தின்படி எழுந்து நடப்பதே வாழ்வைக் காக்கும்.