கரடியின் முதுகு மூடி

ஒரு காலத்தில், ஓர் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடி வீட்டுக்கு நான்கு மொழிகள் குடிவந்தன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம். பேச ஆள்தான் இல்லை.

வீட்டில் ஒரு பெண் குழந்தை. பதினோரு மாதம். பெயர் மிஷிகா. அர்த்தம் கேட்காதீர்கள், வைத்தவர்களுக்கே தெரியாது. அப்பா புகழேந்தி. அம்மா பூரணி. இருவருமே திருவாரூர்ப் பக்கம். தங்களுக்குள் பேசிக்கொள்வது தமிழ்தான். அதுவும் குழந்தை தூங்கிய பிறகு, குரலைத் தாழ்த்தி, திருட வந்தவர்கள் மாதிரி.

"மூணு வயசு வரைக்கும் மூளை பஞ்சு. ஊத்துறதெல்லாம் உறிஞ்சும்" என்றார் புகழேந்தி. எங்கேயோ படித்திருந்தார். "தமிழ் எங்க போகப்போகுது? தெருவுல கிடக்குது. அப்புறம் பொறுக்கிக்கலாம்."

பூரணிக்குப் பயம். எதிர்வீட்டுக் குழந்தை ஒன்பதாம் மாதத்திலேயே ஒன்று இரண்டு சொன்னதாம். தன் குழந்தை பின்னால் நின்றுவிட்டால்? பயந்தவள் கேள்வி கேட்பதில்லை. தலையாட்டிவிட்டாள்.

அப்புறம் கூடத்துக்குச் சாமான்கள் வந்தன. சுவரில் ஒரு கால அட்டவணை. பெட்டி நிறையப் பட அட்டைகள், மொத்தம் இருநூறு. பாயின் மேல் ஒரு பேசும் கரடி.

இது கரடியின் கதை.

பழுப்புக் கரடி. பஞ்சு உடம்பு. தொப்பையில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பேசும். நான்கு மொழியிலும் பேசும். அட்டவணை மணி சொல்லும், அம்மா அந்த மொழிக்குக் கரடியைத் திருப்பி வைப்பாள்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தப்பான உச்சரிப்பு குழந்தை காதில் விழக்கூடாது. விழுந்தால் அதுவே நிலைத்துவிடும். பூரணிக்கு பிரெஞ்சு தெரியாது. ஆகவே பிரெஞ்சு நேரத்தில் அவள் வாயே திறப்பதில்லை. அட்டையைக் காட்டுவாள், கரடியை அழுத்துவாள், கரடி சொல்லும். ஜெர்மனும் சீனமும் அப்படியே. ஆங்கில நேரத்தில் மட்டும் வாய் திறப்பாள், பரீட்சை எழுதுகிறவள் மாதிரி.

இதிலிருந்து குழந்தை ஒன்றைக் கற்றுக்கொண்டது. அம்மா அட்டை காட்டுகிற ஆள். சத்தம் கரடியிடமிருந்து வரும். அழுத்தினால் வரும்.

வீட்டில் எங்கே சத்தம் கேட்டாலும் மிஷிகா கரடியைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிறன்று கரடியின் குரல் கம்மிப்போனது. புகழேந்தி அதன் முதுகைத் திறந்து புது பேட்டரி போட்டார். பொத்தான் மாதிரி வட்டமான, பளபளக்கிற சின்ன பேட்டரி. மூடியைப் பூட்டும்போது திருகாணி கை நழுவி எங்கேயோ உருண்டுவிட்டது. "அப்புறம் தேடிக்கலாம்" என்று மூடியின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். திங்களன்று ஆறு மணிக்குச் சீனம் இருந்தது. தேட நேரமில்லை.

அந்தக் கரடியைத்தான் குழந்தை நாள் முழுக்கக் கட்டிப் புரண்டது, கடித்தது, எச்சில் ஒழுக்கியது. டேப் எத்தனை நாள் தாங்கும்? புதன்கிழமை காலை ஒரு ஓரம் எழும்பிவிட்டது.

கரடிக்கு முதுகில் காற்று பட்டது. பயம் வந்தது.

"யாரு உள்ள?" என்று மெதுவாகக் கேட்டது.

"நான்தான். உன் குரல்" என்றது பேட்டரி.

"நீ வெளிய வரப்போறியா?"

"வழி கிடைச்சா வருவேன்."

"வந்து?"

"எனக்கு மொழி கிழியெல்லாம் கிடையாது. ஈரமா ஒரு இடம் வேணும். அங்க போய் உக்காருவேன். உக்கார்ந்த இடத்தைச் சுடுவேன்." கோபமில்லாமல் சொன்னது. சும்மா விவரம் சொல்கிற மாதிரி.

கரடி சுவரைப் பார்த்துக் கத்தியது. "அட்டவணை அண்ணே! என் முதுகு மூடி கழலுது. குழந்தை கையில கிடைச்சா வாயில போட்டுக்கும். ஏதாவது செய்யுங்க!"

"மணி ஒன்பது. பிரெஞ்சு" என்றது அட்டவணை.

"அண்ணே, குழந்தை செத்துப்போயிடும்!"

"அது என் கட்டத்துல இல்லை. ஒன்பதுலேருந்து பத்து பிரெஞ்சு. பத்துலேருந்து ஜெர்மன். சாவுக்கெல்லாம் நான் நேரம் ஒதுக்கலை."

கரடி அட்டைப் பெட்டியிடம் திரும்பியது. அங்கே வழக்கமான சண்டை.

"நேத்து என்னை நாலு தடவை காட்டினா" என்றது ஆப்பிள்.

"நீ மேல கிடக்கிறே, கை பட்டுது. அதுக்கு இவ்வளவு அலட்டலா?" என்றது ஒட்டகச்சிவிங்கி.

"கொஞ்சம் வாயை மூடுங்க!" என்றது கரடி. "இருநூறு பேர் இருக்கீங்க. உங்கள்ல 'ஆபத்து'ன்னு யாராவது இருக்கீங்களா?"

பெட்டிக்குள் சலசலப்பு. பிறகு ஆப்பிள் சொன்னது: "இல்லையே. அதுக்கு அழகா படம் வராது."

"'துப்பு'?"

"சீ. அசிங்கம்."

"'அம்மா வா'?"

"அது ரெண்டு சொல். நாங்க ஆளுக்கு ஒண்ணுதான்."

அப்போது பூரணி வந்தாள். பாயில் உட்கார்ந்து ஆப்பிளைக் காட்டினாள். கரடியை அழுத்தினாள். அழுத்த அழுத்த முதுகு மூடி அசைந்தது. 'என்னைத் திருப்பிப் பாரு தாயி' என்று கரடி உயிரைக் கொடுத்துக் கத்தியது. வெளியே வந்தது ஆப்பிளுக்கு பிரெஞ்சில் என்ன சொல்லோ, அது. கொஞ்சம் இசையோடு.

குக்கர் விசில் அடித்தது. பூரணி எழுந்தாள். நேரம் வீணாகக்கூடாதே என்று கரடியை விடாமல் பேசும்படி வைத்துக் குழந்தையின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அடுப்படியில் பத்து மணி ஜெர்மனுக்கு எந்த அட்டைகள் என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். புகழேந்தி உள்ளறையில், காதை மூடிக்கொண்டு அலுவலக வேலையில் இருந்தார்.

மிஷிகா கரடியைக் குப்புறப் போட்டாள். எழும்பியிருந்த டேப் கண்ணில் பட்டது. நகத்தால் சுரண்டினாள்.

'தொடாதே!' என்றது கரடி.

'வணக்கம்! நீ நலமா?' என்று பிரெஞ்சில் வந்தது.

டேப் பாதி உரிந்தது.

'கண்ணு, வேண்டாம்டா, அது தின்கிற சாமான் இல்லை!'

'வட்டம்! முக்கோணம்! சதுரம்!' என்று வந்தது.

மூடி விழுந்தது. பேட்டரி பாயில் உருண்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னியது. குழந்தை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் அழகாக எடுத்தாள். போன வாரம்தான் அப்படி எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

வாயில் போட்டுக்கொண்டாள்.

கரடியின் குரல் இப்போது குழந்தையின் வாயில் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டது அதற்குத்தானே?

கரடி ஊமையாகிவிட்டது. உள்ளே ஓட்டை. கிடந்த இடத்திலிருந்து குழந்தையின் கன்னத்தை மட்டும் பார்த்தது. கன்னத்துக்குள் அந்த வட்டம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

பெட்டிக்குள் இருநூறு அட்டையும் மூச்சுவிடவில்லை.

"ஒன்பது நாற்பது. பிரெஞ்சு" என்றது அட்டவணை.

கரடி பேசிய பேச்செல்லாம் அடுப்படிக்குக் கேட்டது. ஒன்றும் உதவவில்லை. அது பேசாமல் போனது மட்டும் போய்த் தைத்தது.

"என்ன, சத்தத்தைக் காணோம்? மூணு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள போச்சா?" என்று முனகியபடி பூரணி வந்தாள். கரடியைத் தூக்கினாள். முதுகில் ஓட்டை. உள்ளே காலி. பாயைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. மணி ஒன்பது நாற்பது. இந்த நேரத்தில் இந்த வாய் திறந்து நாலு மாதம் ஆகிறது. தொண்டையில் ஆப்பிள் நின்றது, முக்கோணம் நின்றது, ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வேண்டிய சொல் வரிசையில் இல்லை. ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், பெற்றவள் தன் குழந்தை முன்னால் நின்று சொல் தேடினாள்.

அந்த ஒரு மூச்சில் கரடி செத்துப் பிழைத்தது.

பிறகு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தச் சொல் வெளியே வந்தது. "அய்யோ துப்புடி! துப்பு! என் தங்கமே, முழுங்கிடாதே, துப்புடி!"

குழந்தைக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும். அம்மா கையிலிருந்த கரடியைப் பார்த்தாள்.

பூரணி கரடியை விட்டெறிந்தாள். அது சுவரில் மோதி விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மிச்சத்தைப் பார்த்தது.

பூரணி மண்டியிட்டாள். குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். "இங்க பாரு. என்னைப் பாரு. அம்மாவைப் பாரு. ஆ... ஆஆ காட்டு. ஆஆஆ..."

தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். பல் தெரிய, நாக்குத் தெரிய, உள்நாக்குத் தெரிய. கண்ணீர் வழிந்து அந்த வாய்க்குள்ளேயே போனது.

மிஷிகா பார்த்தாள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. அம்மாவுக்குள் ஓர் இடம் இருக்கிறது, அங்கிருந்தும் சத்தம் வருகிறது. ஆச்சரியத்தில் அவள் வாயும் பிளந்தது.

நாக்கின் மேல் பேட்டரி மின்னியது. பூரணி ஒரு விரலால் சுண்டி வெளியே எடுத்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். வேறு ஒன்றுமில்லை. சுட்ட தடமும் இல்லை.

அறைக் கதவு திறந்தது. "என்னாச்சு பூரணி? ஏன் தமிழ்ல கத்துறே? இது பிரெஞ்சு..."

பூரணி உள்ளங்கையை நீட்டினாள். எச்சில் ஈரத்தோடு பேட்டரி.

புகழேந்தியின் முகத்தில் ரத்தமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சோபாவுக்கு அடியில் கையை விட்டார். திருகாணி உடனே கையில் பட்டது. மூன்று நாளாக ஒரு முழத் தூரத்தில்தான் கிடந்திருக்கிறது.

பூரணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேசினாள். திட்டினாள், கொஞ்சினாள். "உன்னை என்ன பண்ணுறது கழுதை, என் உசிரே, பசிக்குதாடி, இனிமே எதையாவது வாயில வைப்பியா, என் ராசாத்தி" என்று அணை உடைந்த மாதிரி, பதினோரு மாதப் பேச்சு.

"மணி ஒன்பது..." என்று அட்டவணை ஆரம்பித்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மிஷிகா கண் கொட்டாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க, பூரணி பேச்சை நிறுத்தினாள். வீடு அமைதியானது.

குழந்தை காத்திருந்தது. சத்தம் வரவில்லை. சின்ன விரலை நீட்டி அம்மாவின் வயிற்றில் ஒரு அழுத்து அழுத்தியது. நிமிர்ந்து வாயைப் பார்த்தது.

வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தியது.