கெட்டி மேளத்தில் நின்ற கார்

விவரம் தெரிந்தவர்கள் காரின் பிரேக் சத்தத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: கீச்சிடுவது, கடகடப்பது, அரைப்பது. புளியம்பள்ளம் செங்கோடன் வீட்டுக் கார் மூன்றாவது இனம். அரைக்கிறது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. உளுந்தா, கேழ்வரகா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மறுநாள் காலை செங்கோடன் அந்தக் காரில் மாப்பிள்ளையாகப் போக வேண்டும். வயது நாற்பத்திரண்டு. முதல் சம்பந்தம் தும்மலால் போயிற்று, இரண்டாவது பல்லியால். மூன்றாவது, செங்கோடன் வாய் திறந்து பேசியதால். இப்போது பெண் கொடுக்க இசைந்திருக்கும் கரட்டூர் மாரப்பனோ, சகுனம் பார்க்காமல் சட்டைப் பித்தான் போடாதவர். "மாப்பிள்ளை மண்டபத்து வாசல்ல வந்து எறங்கறப்ப அபசகுனமா ஒரு சத்தம் கேட்டாலும் அப்படியே திருப்பி அனுப்பிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

செங்கோடனின் தம்பி நாச்சிமுத்து டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அக்காள் புருஷன் பச்சியப்பன் பக்கத்தில் நின்றார். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவர் என்பதால் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு.

"பிரேக் மிதிச்சா சத்தம் வருதா, மிதிக்காட்டியும் வருதா?" என்று மெக்கானிக் கேட்டார்.

கார் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஏறி மிதித்தான். பிறகு மிதிக்காமல் இருந்தான்.

"ரெண்டுக்கும் வரலீங்க."

"வண்டி ஓடணுமுங்க. எந்தச் சக்கரத்துல வருதுன்னு காதைக் குடுத்துக் கேளுங்க."

நாச்சிமுத்து ஓட்டினான். பச்சியப்பன் முன்சக்கரத்துப் பக்கம் காதைச் சாய்த்தபடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். வாய்க்கால் மேட்டில் கார் நின்றது.

"கேட்டுதா மச்சான்?"

"கேட்டுது. ஆனா அது வண்டியா, என்னோட மூச்சான்னுதான் தெரியல."

மெக்கானிக் பொறுமைசாலி. "பிரேக் பேட் தேஞ்சிருக்கும். கழட்டி எடுத்துட்டுப் போய்க் கடையில காட்டுங்க. அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும், ஒரு நூல் கூட மாறக் கூடாது" என்றார்.

கடையில் புதுசு கிடைத்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழையது அப்பளம்போல இருந்தது. புதியது அதிரசம்போல இருந்தது.

"கடைக்காரன் நம்மளை ஏமாத்திட்டான்" என்றான் நாச்சிமுத்து.

பச்சியப்பன் விரலால் அளந்தார். "ஒரு நூலா மாறுது? அரை விரக்கடை மாறுது. அரத்தை எடு."

மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து, செங்கோடனையும் சேர்த்து மூவரும் முறை வைத்து ராவினார்கள். சாயங்காலம் புதியதும் அப்பளமாயிற்று. மாட்டி ஓட்டினார்கள். பிரேக்கை மிதித்ததும் அரைத்தது.

"சத்தமும் அச்சு அசலா அதே" என்றார் பச்சியப்பன், திருப்தியாக.

செங்கோடனுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தச் சத்தம் போகணும்னுதானே மச்சான் இத்தனை பாடு? இந்தப் பொண்ணும் போச்சுன்னா நான் யாருகிட்டப் போவேன்?"

பச்சியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "தாலி கட்டறப்ப எதுக்கு மாப்ளே கெட்டி மேளம் அடிக்கறாங்க?"

"அபசகுனமா எதுவும் காதுல விழாம இருக்க."

"அப்புறமென்ன?"

மறுநாள் பின்சீட்டில் ஒரு நாதஸ்வரம், இரண்டு தவில், இவற்றுக்குக் கீழே எங்கோ பச்சியப்பன். பெண்கள் பஸ்ஸில் முன்னாடியே போய்விட்டார்கள். நாச்சிமுத்து ஓட்டுவது, பிரேக்கில் கால் வைக்குமுன் ஒரு விரலைத் தூக்குவது, உடனே கெட்டி மேளம் முழங்குவது என்று ஏற்பாடு.

செங்கோடன் முன்சீட்டில் மாலையும் கழுத்துமாக, மடியில் தாலியோடு உட்கார்ந்திருந்தான். ஐயர் அவனுக்கு முன்கூட்டியே பாடம் சொல்லியிருந்தார்: "கெட்டி மேளம் கேட்டா ஒரு நொடி யோசிக்கப்படாது, பக்கத்துல திரும்பிக் கட்டிடணும். ரெண்டு முடிச்சு நீங்க, மூணாவது உங்க அக்கா."

ஊர் எல்லையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நாச்சிமுத்து விரலைத் தூக்கினான். கெட்டி மேளம் முழங்கியது. செங்கோடன் ஒரு நொடி யோசிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தது ஹேண்ட் பிரேக்.

தவில் ஓய்ந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் கயிறு, அழகான இரண்டு முடிச்சு.

"அவுத்துரலாம் அண்ணா" என்றான் நாச்சிமுத்து.

"கட்டின தாலிய அவுக்கறதா?" பச்சியப்பன் பதறினார். "அதைவிட அபசகுனம் உலகத்துல இருக்கா? மாப்ளே, மூணாவது முடிச்சு போட்டியா?"

"இல்ல மச்சான். அது அக்கா போடறது."

"அப்ப கல்யாணம் இன்னும் முடியல. ஸ்பேனரை எடு."

கரட்டூர் மண்டபம் சரிவில் இருந்தது. கீழே குளம். கார் கெட்டி மேளத்தோடு வந்து நின்றது. வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாரப்பன் கண்கலங்கி, மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினார். ஒரு கையைத்தான் பிடிக்க முடிந்தது. மறுகையில் ஹேண்ட் பிரேக் இருந்தது.

நாச்சிமுத்து சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு உள்ளே போனான். பெண் வீட்டாரில் ஒருவர் தேங்காய் உடைக்கக் கல் தேடி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

மணவறையில் மணப்பெண் பாவாயி ஹேண்ட் பிரேக் கம்பியைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை முடிச்சு ஆச்சுங்க?"

"ரெண்டு."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நல்லவேளைங்கப்பா, ஒண்ணு மிச்சம் வெச்சிருக்காரு."

மாரப்பன் நிம்மதியாகத் தலையாட்டினார். செங்கோடன் கயிற்றைக் கம்பியோடு சேர்த்தே பாவாயியின் கழுத்தில் போட்டான். ஐயர் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு விரலைத் தூக்கினார். கெட்டி மேளம் முழங்க, அக்காள் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். அந்த முழக்கத்தில், கார் குளத்தில் விழுந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை.

கைகழுவ வந்தபோதுதான் பச்சியப்பன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தண்ணீருக்கு மேலே காரின் கூரை மட்டும் தெரிந்தது. அவர் வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு செங்கோடனைக் கூப்பிட்டார்.

"பாத்தியா மாப்ளே, அரம் போட்டு ராவினது வீண்போகல. எவ்வளவு அமைதியா நின்னிருக்குது பாரு."