குரங்கின் உச்சியில் வைத்த கை

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, நாட்டுக் குரங்குகளுக்கு உள்ளங்கையிலும் முடி இருந்தது. கையின் நடுவில் கிளம்பி வட்டமாகச் சுற்றிலும் படர்ந்திருக்கும். குளிர்நாளில் கன்னத்தில் வைத்துக்கொண்டால் கதகதப்பு. ஓடையில் தோய்த்தெடுத்தால் ஒரு வாய்த் தண்ணீர் அதிலேயே நிற்கும். குரங்குகளுக்கு அதில் ரொம்பப் பெருமை.

மலையடிவாரத்து ஓடைக்கரையில் தும்பை என்று ஒரு மந்தி இருந்தாள். அவளுடைய குட்டி மொச்சை. ஒரு கோடையில் மூங்கில்கள் உரசித் தீப்பிடித்தபோது தும்பை அக்கரையில் இருந்தாள். மொச்சை மூங்கில் புதருக்குள் இருந்தது. கூட்டமே நின்று கத்தியது. உள்ளே பாய்ந்தவள் இலந்தை என்ற இளம் மந்தி ஒருத்திதான். குட்டியை வயிற்றோடு அணைத்து வெளியே கொண்டுவந்து தும்பையின் கையில் வைத்தாள். அதற்குள் எரிகிற மூங்கில் ஒன்று அவள் உச்சந்தலையில் விழுந்திருந்தது.

புண் ஆறியது. முடி மட்டும் திரும்ப வரவில்லை. உச்சி கூழாங்கல்போல வழவழவென்று ஆகிவிட்டது. ஆடிச் சாரல் விடாமல் பெய்கிற ஊர் அது. தலையில் முடியில்லாத குரங்கு சாரலில் நனைந்தால் ஜன்னி கண்டு செத்துப்போகும். அதை நினைத்தால் தும்பைக்குப் பழம் இறங்கவில்லை.

தன் தொடையிலிருந்து கொத்துக் கொத்தாக முடியைப் பிடுங்கினாள். பலாப்பிசினைத் தடவி இலந்தையின் தலையில் ஒட்டினாள்.

"எப்படி இருக்கேன் அக்கா?"

"கரடிக்குட்டி மாதிரி இருக்கடி."

மறுநாள் ஒரு சின்னத் தூறல். ஒட்டியதெல்லாம் பிசினோடு வழிந்து மூக்கில் வந்து நின்றது. "இதுக்கு வழுக்கையே தேவலை!" என்று இலந்தை தும்மிக்கொண்டே சிரித்தாள். தும்பைக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் தன் தொடையைத் தடவிப் பார்த்தாள். பிடுங்கிய இடத்தில் முடி பழையபடி வளர்ந்திருந்தது. தும்பைக்குச் சுருக்கென்றது. கொடுத்தது முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. அப்படியென்றால் கொடுக்க வேண்டியதை அவள் இன்னும் கொடுக்கவே இல்லை.

நேரே தையல்சிட்டிடம் போனாள். ஊசிபோல அலகு கொண்ட அந்தச் சிட்டு, தேக்கிலையைத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. கதையைக் கேட்டு, தும்பையின் தொடையை அலகால் மெல்லக் கிளறிப் பார்த்தது.

"உள்ளே ஒரு வேர் இருக்கு தும்பை. முடியை இழுத்தா முடிதான் வரும், வேர் தங்கிடும். அது கொஞ்ச நாள் தூங்கும், அப்புறம் மறுபடி முளைவிடும். இலந்தை தலையில வேரே வெந்துபோச்சு."

"அப்போ என் வேரை எடுத்து அவளுக்கு நடு."

"எடுத்தா உனக்கு அந்த இடத்துல இனி வராது."

"சரி, எடு."

சிட்டு அவசரப்படவில்லை. தொடையிலிருந்து ஒரு வேர், முதுகிலிருந்து ஒன்று, உள்ளங்கையிலிருந்து ஒன்று என எடுத்து, இலந்தையின் தழும்பில் நட்டுவிட்டுக் காத்திருந்தது. தொடை வேரும் முதுகு வேரும் காய்ந்துபோயின. உள்ளங்கை வேர் மட்டும் பிடித்துக்கொண்டது.

"நாள் பூரா மரத்துல தேய்ஞ்சும் சளைக்காம வளர்ற வேர் இது. இதுதான் தாங்கும்" என்றது சிட்டு.

இலந்தை பதறிவிட்டாள். "கைமுடியா? வேண்டாம் அக்கா! அப்புறம் உனக்குன்னு என்ன இருக்கும்?"

"இந்தக் கையில நீ எதைக் கொண்டுவந்து வெச்சேன்னு மறந்துட்டியா?" என்றாள் தும்பை. மொச்சை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இலந்தையின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

தும்பை இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். சிட்டு ஒவ்வொரு வேராக எடுத்து, இருந்த வரிசை மாறாமல் நட்டது. தும்பை பல்லைக் கடித்துக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை.

நட்ட முடி சில நாட்கள் நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டது. வானம் கறுத்தது. சாரல் தொடங்கியது.

"எல்லாம் போச்சு" என்றாள் இலந்தை.

"முடிதான் போச்சு, வேர் உள்ளேதான் இருக்கு" என்றது சிட்டு. "பிடுங்கி நட்ட நாத்து முதல்ல வாடத்தானே செய்யும்? தலை நனையாமப் பார்த்துக்கோங்க."

தும்பை இலந்தையின் பின்னால் உட்கார்ந்து, மொட்டையான தன் இரு கைகளையும் அவள் உச்சியில் கவிழ்த்துக்கொண்டாள். சாரல் அவள் புறங்கையில் இறங்கி முழங்கையில் வழிந்தது. மழை விட்டால், இலந்தையின் தலையில் முளை தெரிகிறதா என்று விலக்கி விலக்கித் தேடினாள். "என்ன, பேன் பார்க்கிறியா?" என்று மற்றக் குரங்குகள் கேலி செய்தன.

பார்த்துப் பார்த்துக் கண்தான் சலித்தது. ஆனால் முடி மறைக்காத உள்ளங்கைக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. தூங்குகிற மொச்சையின் கன்னத்துச் சூடு தெரிந்தது. இலந்தையின் உச்சியில் நரம்பு துடிப்பது தெரிந்தது. இத்தனை நாள் பிள்ளையைத் தொட்டும் தொடாமல் இருந்திருக்கிறோமே என்று தும்பை நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் அவள் கை திடுக்கிட்டது.

"இலந்தை... அசையாதேடி."

"என்ன அக்கா?"

"என்னவோ குத்துது."

சிட்டு பறந்து வந்து பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த முளை, வெறும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. இலந்தை அந்தக் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. சாரல் ஓய்வதற்குள் முடி நீண்டது. தலைக்கு வந்தபிறகும் அது கையில் இருந்த வழக்கத்தை விடவில்லை. நடுவில் கிளம்பி, வட்டமாகச் சுற்றிலும் படர்ந்தது.

தும்பையின் பிள்ளைகளும் இலந்தையின் பிள்ளைகளும் ஒரே கூட்டமாகப் பெருகினார்கள். தும்பையின் வெறுங்கையும் இலந்தையின் உச்சி முடியும் அவர்கள் எல்லோருக்கும் வந்தன. அன்று முதல்தான் நாட்டுக் குரங்குகளுக்கு உள்ளங்கையில் முடி இல்லை. உச்சந்தலையிலோ, யாரோ இன்னும் மழைக்குக் கை கவிழ்த்துப் பிடித்திருப்பதுபோல, வட்டமாக முடி படர்ந்திருக்கிறது.