பட்டம் இல்லாமல் வந்த மெயில்

பொறியியல் கல்லூரித் தாளாளர் வேதாசலத்தின் கண்டிப்பான உத்தரவு ஒன்று உண்டு. தன் பெயருக்கு முன்னால் ‘கல்விக்கடல்’ என்ற பட்டம் போடாமல் யார் கடிதம் எழுதினாலும் கிழித்துப் போட வேண்டும்.

ஒருநாள் அவருக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கை அமுக்கிப் பாஸ்வேர்டு கொடுக்காவிட்டால் மெயில் கணக்கு முடங்கிவிடுமாம். வெலவெலத்துப்போன தாளாளர், ஆபீஸ் உதவியாளர் மாசானத்தைக் கூப்பிட்டு லிங்க்கை அமுக்கச் சொன்னார். மாசானம் மெயிலைப் படித்தான், அப்படியே அழித்துவிட்டான்.

“உனக்கு வேலை வேணுமா வேண்டாமாடா? ஏன் அழிச்சே?”

“பட்டம் இல்லாம வந்தா கிழிக்கச் சொன்னீங்களே ஐயா! ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ன்னு எழுதியிருக்கான். பட்டத்தை விடுங்க, உங்க பேரே அவனுக்குத் தெரியல. ஊருக்கெல்லாம் தூண்டில் போடுற திருட்டுப் பய.”

தாளாளருக்கு மீசை துடித்தது. “சரி சரி, எதுக்கும் பாஸ்வேர்டை மாத்திடுவோம்.”

மாசானம் மெயில் கம்பெனியின் முகவரியைத் தானே அடித்துப் பக்கத்தைத் திறந்தான். “பழைய பாஸ்வேர்டை நீங்களே போடுங்க ஐயா, நான் பார்க்கலை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாளாளர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: “கல்விக்கடல்.”

மாசானம் பெருமூச்சு விட்டான். “ஐயா, இதைத்தானே பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் வரைக்கும் போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கோம்!”