நானூற்று ஐம்பதில் நின்ற பெட்டி

"பெட்டி பொய் சொல்லுது, டீச்சர்," என்றார் சிதம்பரநாதன்.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு இருபத்தெட்டு.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, விசைப்படகுகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பவள் ஜெசிந்தா. அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்கு அவளிடம் படித்துத்தான் சிதம்பரநாதனும் அவர் மனைவி வடிவும் ஒரே நாளில் தேறினார்கள். அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர்.

"என்ன பொய்?" சால்டரிங் புகையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஒரு எண்ணைக் கொடுத்தா அதுல நிக்க மாட்டேங்குது. நான் நூறுன்னு வைக்கேன். மறுநாள் பாத்தா எண்ணூறுன்னு இருக்கு."

அவர் சொன்ன பெட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கையில் பிடித்துப் பேசும் ரேடியோவின் குரலை வாங்கி, வீட்டு இணையம் வழியாக வெளியூர் நண்பர்களிடம் சேர்க்கும். ஹாட்ஸ்பாட் என்பார்கள். ரேடியோவின் அலைவரிசைக்குத் தக்கபடி அதில் ஓர் எண்ணை வைக்க வேண்டும். எண் தள்ளிப்போனால் குரல் உடையும்.

"என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

"சார்ஜரை மாத்துனேன். மெமரி கார்டை மாத்துனேன். ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருந்துச்சு, எடுத்து டிவிகிட்ட வச்சேன். சூடாகுதோன்னு ஒரு குட்டி ஃபேன்கூட போட்டேன்."

"வடிவக்காவுக்கு எப்படி இருக்கு?"

"அது வேற கதை. அவ ரேடியோவே கோளாறு. குரல் உடையுது. புதுசு வாங்குன்னா கேக்க மாட்டேங்குதா. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

ஜெசிந்தா சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

"நாளைக்குக் கூட்டத்தை யாரு நடத்துறா?"

சிதம்பரநாதன் மேசையில் கிடந்த திருகாணி ஒன்றை எடுத்து உருட்டினார்.

ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தென்மாவட்டத்து ரேடியோக்காரர்கள் இருபத்தொரு பேர் காற்றில் கூடுவார்கள். ஒருவர் பெயர்களைக் கூப்பிட, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். போன ஞாயிறு, முதல் தடவையாக, கூப்பிடும் முறை வடிவுக்கு வந்தது. மூன்றாவது பெயரில் அவள் குரல் நொறுங்கிப் போனது. நாகர்கோவில் தங்கையா இடையில் புகுந்து நடத்தி முடித்தார். வடிவு ரேடியோவை அணைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள்.

இந்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இதுவும் உடைந்தால் ரேடியோவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றிருந்தாள். வடிவு சொன்னால் செய்வாள்.

"அவதான்," என்றார் கடைசியில்.

"மாதா கோயில்ல முதல் பூசை முடிஞ்சு வாறேன்," என்றாள் ஜெசிந்தா.

*

காலை ஏழு மணி. வடிவு மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

ஜெசிந்தா பெட்டியைப் பார்க்கவில்லை. சார்ஜரில் அடுத்தடுத்து நின்ற இரண்டு ரேடியோக்களைப் பார்த்தாள்.

"இந்த வாரம் பெட்டிய யாரு தொட்டா?"

"நான்தான். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் சரி பண்ணிருவேன்," என்றார் சிதம்பரநாதன்.

"நானும் சரி பண்ணுவேன்," என்றாள் வடிவு. "காலையில. இவுக நடக்கப் போனதும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயா?"

"நீங்களா?"

ஜெசிந்தா பெட்டியைத் தூக்கி, நான்கு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

"இதுக்குக் கை இல்ல, சார்."

சிதம்பரநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். போன ஞாயிறு ஏழரை மணி அவர் நினைவுக்கு வந்தது. வடிவு முதல் தடவை நடத்துகிறாள், நன்றாகப் பேசட்டும் என்று அவரே பெட்டியைச் சரி பண்ணி வைத்திருந்தார்.

நூறில்.

"நீ மாத்துறதைச் சொல்லியிருக்கலாம்லா," என்றார். குரலில் வேகம் இல்லை.

"நீங்க அதுக்கு ஃபேன் போட்டுட்டு இருந்தீக. இதுல போய் என்ன சொல்லன்னு விட்டுட்டேன்."

"சரி, டீச்சர். ரெண்டுல எந்த ரேடியோ தப்பு?"

"ரெண்டும் நல்ல ரேடியோ. அலைவரிசைதான் ஒன்னுக்கொன்னு மயிரிழை தள்ளி நிக்குது."

"அப்போ ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிருதேன்."

"வாங்கலாம். எட்டு மணிக்குள்ள வந்துருமா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார்.

"எண்ணூறுலயே இருக்கட்டும். இன்னிக்கு நான் பேசல."

நாற்பத்தொரு வாரம் ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. அதை வடிவு பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியிருக்கிறாள்.

"நல்லா இருக்கே," என்றாள். "ஊர்ப்பேரையெல்லாம் கூப்பிட்டுட்டு, வீட்டுப்பேரை விடவா?"

ஜெசிந்தா சுவரில் தொங்கிய காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள். பின்பக்கம் ஒரு கோடு போட்டாள். ஒரு முனையில் நூறு. மறு முனையில் எண்ணூறு.

"சார், நீங்க அக்கா பக்கமா நடங்க. ஐம்பது ஐம்பதா. கிளிகிட்ட பேசிப் பாருங்க. குரல் உடையுறதுக்கு முன்னாடி நில்லுங்க."

கிளி என்பது ரேடியோவில் அழைக்கும் ஒரு சோதனை எண். அதை அழைத்துப் பேசினால், பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும்.

நூற்றைம்பதிலேயே உடைந்துவிடும் என்பதில் சிதம்பரநாதனுக்குச் சந்தேகம் இல்லை. அவர் வேலை மின்சார மீட்டர்களைச் சோதிப்பது. சரி என்றால் ஒரே ஓர் எண்தான். முப்பது வருடம் அதில் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

"சிதம்பரநாதன் பேசுதேன். கேக்குதா?"

"சிதம்பரநாதன் பேசுதேன். கேக்குதா?" என்றது கிளி, சுத்தமாக.

இருநூறு. முந்நூறு. எண்ணை மாற்றும்போதெல்லாம் பெட்டி அணைந்து எழுந்திருக்க ஒரு நிமிடம் எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே பதனீர்க்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்.

ஐந்நூறிலும் கிளி தெளிவாகப் பேசியது. ஐந்நூற்று ஐம்பதில் குரலில் முதல் கீறல் விழுந்தது.

"இம்புட்டு தூரம் வந்துட்டீகளே," என்றாள் வடிவு.

"எனக்கே தெரியாது," என்றார் அவர்.

பிறகு வடிவு எண்ணூறிலிருந்து புறப்பட்டாள். அவள் குரல் நானூறு வரை தாங்கியது.

ஜெசிந்தா தாளில் இரண்டு கோடு கிழித்தாள். அவர் நின்ற இடம். அவள் நின்ற இடம். இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருந்தார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் வைக்க இடம் இருந்தது. அங்கே விரலை வைத்தாள்.

நானூற்று ஐம்பது.

சிதம்பரநாதன் பேசினார். பெட்டியின் சின்னத் திரை, பிழை இரண்டு சதவீதம் என்று காட்டியது. வடிவு பேசினாள். ஒன்று புள்ளி எட்டு.

"ரெண்டு சதவீதமா, டீச்சர்? மீட்டர்ல ரெண்டு இருந்தா நான் திருப்பி அனுப்பிருவேன்."

"காதுக்கு எப்படி இருக்கு?"

"காதுக்கு ஒன்னும் தெரியல."

ஜெசிந்தா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

*

எட்டு மணிக்கு வடிவு பொத்தானை அழுத்தினாள். முதல் பெயர். இரண்டாவது பெயர்.

மூன்றாவது பெயரில் சிதம்பரநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயர் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. சங்கரன்கோவிலிலிருந்து முழுசாகப் பதில் வந்தது.

ஜெசிந்தா செருப்பைப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள்.

வடிவு பத்தொன்பது பேரைக் கூப்பிட்டாள். இருபதாவது பெயரைச் சொல்லும்போது ரேடியோவைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"தூத்துக்குடி சிதம்பரநாதன், இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் அவர்.

நாகர்கோவில் தங்கையாவுக்கு ஆச்சரியம். "ரெண்டு பேர் குரலும் நல்லா வருதே, அண்ணாச்சி. பெட்டியில இப்போ பிழை எவ்வளவு காட்டுது?"

"ரெண்டு."

"ரெண்டா? இன்னும் சரி பண்ணலையா?"

சிதம்பரநாதன் குட்டி ஃபேனை அணைத்தார். டிவிக்குப் பக்கத்தில் பெட்டி சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"பண்ணியாச்சு," என்றார்.