ஈரப் பிடரிக் குதிரை

வடதேசத்து மலைகளுக்கு நடுவில் ஓர் ஏரி. அதன் இக்கரையில் ஒரு நரி நின்று தவித்துக்கொண்டிருந்தது. அதன் மனைவியும் நான்கு குட்டிகளும் அக்கரை வளையில் இருந்தன. பனி கொட்டிவிட்டால் அக்கரையில் ஓர் எலிகூடச் சிக்காது. குட்டிகளோ பனியில் இறங்கினால் புதைந்துபோகும் உயரம்.

"கவலைப்படாதே! குதிரைமேல ராஜா மாதிரி வந்து எல்லாரையும் அழைச்சுட்டுப் போறேன்!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தது நரி. குதிரைக்கு எங்கே போவது என்று அது யோசிக்கவே இல்லை. அதன் வாய் அப்படி.

ஆனால் அதிர்ஷ்டம் கரடி உருவில் வந்தது. கரடியிடம் பிளாக்கா என்றொரு குதிரை இருந்தது, ஃபியோர்டு என்னும் வடதேசத்து இனம். குட்டையான, கட்டுமஸ்தான, வெளிர்மஞ்சள் நிறக் குதிரை. கரடி குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தது.

"வசந்தம் வரைக்கும் பிளாக்கா உன்னோடது," என்று கொட்டாவி விட்டது கரடி. "முதல் வாரம் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நட. ரெண்டாவது வாரம் நீளக் கடிவாளத்தைப் பிடிச்சுப் பின்னால நட. அப்புறம் ஒரு வெறும் கட்டையை இழுக்க விடு. சறுக்குவண்டி அதுக்கப்புறம். முதுகுல ஏறுறது கடைசி!"

"கடைசியா? எனக்கு அதுதானே அண்ணே முதல்ல வேணும்!"

"அவசரப்படாதே தம்பி. இன்னொண்ணு. இதோட பிடரியைப் பாரு. நடுவுல கறுப்பு, ரெண்டு பக்கமும் வெள்ளை. நிமிர்ந்து நிக்கிற மாதிரி நானே வெட்டி விட்டிருக்கேன். ஏரியில மூடுபனி இறங்கினா, இந்தப் பிடரி தெரியாத எந்தக் குதிரைகிட்டயும் போகாதே!"

"ஏன் அண்ணே?"

கரடி அதற்குள் தூங்கிவிட்டிருந்தது.

முதல் நாள் நரி கயிற்றைப் பிடித்து இழுத்தது. பிளாக்கா புல் மேய்ந்தது. நரி தொங்கியது, திட்டியது, கெஞ்சியது. பிளாக்கா மேய்ந்துகொண்டே இருந்தது.

"நீ எங்கே போகணும்னு உனக்கே தெரியலை. கயிறு சொல்லுது," என்றது பிளாக்கா. "இழுக்காதே. நீ நட. நான் வர்றேன்."

இரண்டாம் நாள் நரி நடந்தது. பிளாக்காவும் கூடவே நடந்தது. நரிக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. குதிரையை வைத்துக்கொண்டு நடந்து போகிறவனை மனைவி என்ன சொல்வாள்?

மூன்றாம் நாள் காலை மூடுபனி இறங்கியது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நரி தண்ணீர் குடிக்க ஏரிக்குப் போனது. அங்கே ஒரு குதிரை நின்றிருந்தது. சாம்பல் நிறம். நீளமான பிடரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன் குளம்புத் தடங்களில் தானாக நீர் ஊறியது.

"ஏறிக்கோ," என்றது அந்தக் குதிரை.

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"தெரிய வேணாம். கடிவாளமும் வேணாம். உன் குட்டிகள்கிட்டத்தானே போகணும்?"

"நரி! இங்கே வா!" என்று மூடுபனிக்குள்ளிருந்து பிளாக்கா கனைத்தது.

நரிக்குக் கரடி சொன்ன பிடரி நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் குதிரை மண்டியிட்டு முதுகைக் காட்டியபோது, ராஜா மாதிரிப் போய் இறங்கும் ஆசைதான் பெரிதாகத் தெரிந்தது. ஏறிவிட்டது!

சாம்பல் குதிரை ஓடியது. குளம்போசையே இல்லை. கரையோரமாகப் பறந்து, கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. "அப்பா! அப்பா!" என்று குட்டிகள் வளையிலிருந்து ஓடிவந்தன.

"எல்லாரும் ஏறுங்க," என்றது குதிரை. "இடம் இருக்கு."

நரி திரும்பிப் பார்த்தது. குதிரையின் முதுகு நீண்டுகொண்டிருந்தது. அதில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. ஒன்று பெரியது. நான்கு சிறியவை, குட்டிகள் உட்காரும் அளவில்.

நரி குதிக்கப் பார்த்தது. கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தன!

"நில்லு! நில்லு!"

"எதைப் பிடிச்சு நிறுத்துவே?" என்று மெல்லக் கேட்டது குதிரை. "கடிவாளம் இல்லைன்னுதானே ஏறினே?"

நரிக்குத் தன் உயிரைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. குட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. "வராதீங்க! வளைக்குள்ள ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது. குட்டிகள் மிரண்டு ஓடின. குதிரை ஏரிப்பக்கம் திரும்பியது. முதலில் குளம்பு, பிறகு முதுகு, கடைசியாக நரியின் சிவந்த வாலின் நுனி நீரில் மறைந்தன.

மறுநாள் பனி கொட்டியது. அழுது ஓய்ந்த பெண் நரி வளைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு மஞ்சள் குதிரை நின்றுகொண்டிருந்தது. நடுவில் கறுப்பும் இருபுறம் வெள்ளையுமாகப் பிடரி நிமிர்ந்திருந்தது. அதன் கயிறு கீழே கிடந்தது. ஏரியை முழுக்கச் சுற்றி, தானே நடந்து வந்திருந்தது பிளாக்கா.

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாது," என்றது பெண் நரி.

"ஏற வேணாம். கயிற்றைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நட. நான் பனியை மிதிச்சு வழி பண்றேன். குட்டிகள் என் தடத்துல வரட்டும்."

அப்படியே நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் இக்கரை வந்து சேர்ந்தார்கள். முதல் வாரப் பாடம் ஒன்றே போதுமாயிருந்தது. அதில் இரண்டு நாளை நரி முடித்தும் இருந்தது.

வழியில் ஏரிப்பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் கூடவே வந்தது. "இடம் இருக்கு… இன்னும் அஞ்சு பேருக்கு இடம் இருக்கு…" குட்டிகள் பிளாக்காவின் காலோடு ஒட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தன.

பழகும் பாடு இல்லாமல் கிடைக்கிற சவாரி, ஏறியவன் போக நினைத்த இடத்தில் அவனை இறக்கி விடுவதில்லை.