பாதை திறக்கப் போனவன்

பனிச்சறுக்குப் பந்தயத்தில் ரிக்சினை மிஞ்ச அந்த மலைநாட்டிலேயே ஆள் கிடையாது. செங்குத்துச் சரிவில் கார் வேகத்துக்கு இறங்குவான். வாங்கிய கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லாமல் மாவுப் பானை மேலேகூட ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் மூன்றாவதாக வந்தான். அதோடு போச்சு அவன் தூக்கம்.

இந்த வருஷப் பந்தயத்தன்று காலையில், பேர் கொடுக்கும் மேசைக்குப் போகாமல், தனக்குப் பயிற்சி கொடுக்கும் ஆங்மோவிடம் வந்து நின்றான்.

"அக்கா, இன்னும் பந்தயத்துல நிக்கணுமா, இதோட விட்டுடணுமா? நீங்களே சொல்லிடுங்க. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது."

ஆங்மோ காலணி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"பாதை திறக்க ஆள் தேடுறாங்க. நீ போயிட்டு வா."

பந்தயத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் பாதை நெடுக இறங்கிப் பார்க்க வேண்டும். பனி சரியாக இருக்கிறதா, கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கத்தான். அந்த இறக்கம் போட்டியில் சேராது. கத்துக்குட்டிகளை அனுப்புகிற வேலை.

"நானா? எல்லாரும் சிரிப்பாங்க அக்கா!"

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா தானா நிறுத்துவாங்க."

முணுமுணுத்துக்கொண்டே மலை மேலே போனான்.

கீழே வந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. ஆங்மோ பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"அக்கா, அந்த மேட்டுலேர்ந்து எகிறும்போது பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியுது! ஆத்து மேல வெயில் அடிக்குது. அடேயப்பா! இத்தனை வருஷம் கண்ணை எங்க வச்சிருந்தேன்?"

"ம்."

"கடைசிச் சரிவுல பனி பொலபொலன்னு கிடக்கு. கால் வாரிவிட்டுடும். பசங்ககிட்டச் சொல்லணும்."

"சொல்லு. முதல்ல இதைக் குடி."

நிதானமாக ஊதி ஊதிக் குடித்தான். பேர் கொடுக்காதவர்கள் உடனே வரவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது. அப்போதுதான் அவனுக்குத் தன் கவலையே ஞாபகம் வந்தது.

"அக்கா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே! பேர் கொடுக்கவா, வேணாமா?"

ஆங்மோ அவன் முதுகுக்குப் பின்னால், இறங்க எடுத்த நேரத்தைக் காட்டும் பெரிய எண் பலகையைப் பார்த்தாள். வழக்கமாகக் கீழே வந்ததும் அவன் கண் முதலில் போவது அங்கேதான்.

"நீ எவ்வளவு வேகமா வந்தேன்னு அதுல போட்டிருக்கு, தம்பி. வந்ததுலேர்ந்து நீ ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கலை."

ரிக்சின் அப்போதும் திரும்பவில்லை. இன்னொரு வாய் தேநீர் குடித்தான்.